பழைய பாரவண்டியைப் புதுப்பித்தலில் மரத்தேர்வு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உழவர் வாழ்வில் ஏருக்கு அடுத்து எண்ணத்தக்க கருவி வண்டியாகும். விளைந்ததைக் களத்திலிருந்து வீட்டிற்கும், வீட்டிலிருந்து சந்தைக்கும், எருவைக் குப்பைமேட்டிலிருந்து வயலுக்கும் சுமந்தது அதுவே. இரும்புப் பட்டை பூட்டிய மரச்சக்கர வண்டிகள் 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் படிப்படியாக டயர் வண்டிகளுக்கும், பின்னர் டிராக்டர்களுக்கும் இடம் விட்டன. எஞ்சியவற்றுட் சில அருங்காட்சியகங்களிலும் சில தனியார் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளன. பல, கொட்டகை ஓரங்களில் சிதைந்து கிடக்கின்றன.

அவ்வாறு எஞ்சிய வண்டிகளைப் புதுப்பிக்கும் முயற்சிகளில் முதலில் எழும் வினா, பழுதுற்ற உறுப்பிற்கு எந்த மரத்தை இடுவது என்பதாகும். இவ்வினாவிற்குப் பெரும்பாலும் தேக்கு என்பதே விடையாகக் கூறப்படுகிறது. தேக்கு உயர்ந்த மரம், நெடுநாள் நிற்பது, தோற்றப் பொலிவுடையது என்பன அதற்குக் காட்டப்படும் காரணங்கள். இவை உண்மையே. ஆயினும், குடம் முதல் நுகம் வரை தேக்கினால் புதுக்கப்பட்ட பாரவண்டி, உழவர் பயன்படுத்திய வண்டியின் சான்றாக நிற்க இயலாது. வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும், அத்தேர்வே தச்சரின் அறிவையும் ஊரின் மரவளத்தையும் உழவரின் பொருள்நிலையையும் காட்டும் வரலாற்று ஆவணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இலக்கியத்தில் வண்டியும் அதன் உறுப்புகளும்

சங்க இலக்கியத்தில் சுமை வண்டியைப் பற்றிய விரிவான பதிவு உமணரின் உப்பு வண்டியை ஒட்டியே அமைகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை (46-50) வண்டியின் உறுப்புகளை வரிசைப்படுத்திக் கூறுகிறது. சூட்டு, ஆர், உருளி, பார் என்னும் நான்கு சொற்கள் அங்கு இடம்பெறுகின்றன. சூட்டு என்பது சக்கரத்தின் விளிம்பாகிய வட்டை. ஆர் என்பது ஆரக்கால். பார் என்பது வண்டியின் நெடுஞ்சட்டம். உருளி முழவுக்கு ஒப்பிடப்பட்டு, முழுமரத்தால் ஆனது எனக் கூறப்படுவதால், இக்காலத்தில் குடம் என வழங்கும் நடுப்பகுதியையே அது குறிக்கிறது எனக் கொள்வது பொருந்தும். சக்கரத்தின் மற்ற உறுப்புகள் துண்டுகளை இணைத்துச் செய்யப்படும்போது, குடம் மட்டும் ஒரே மரத்துண்டில் கடைந்தெடுக்கப்படுவது பிற்காலத் தச்சு வழக்கிலும் தொடர்ந்த ஒன்றாகும். எனவே, அப்பாடலின் உவமை வெறும் வடிவ ஒப்புமை அன்று. தொழில்நுட்பக் குறிப்பும் ஆகும்.

அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாடல் (புறம். 102), உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதைக் குறிக்கிறது. இளைய எருதுகள், மிகுந்த சுமை, முன்னறியாத மேடுபள்ளம் ஆகியவை அதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. சுமை மிகுமிடத்து அச்சு முறியும் என்பது திருக்குறளிலும் (475) உவமையாக எடுத்தாளப்படுகிறது. வண்டியின் உறுப்புகளுள் முதலில் முறியக்கூடியது அச்சு என்பதும், அதற்குத் தனி மரத்தேர்வு இன்றியமையாதது என்பதும் இவற்றால் உணரப்படும்.

ஔவையாரின் மற்றொரு பாடலில் (புறம். 87), நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம், அதியமானின் ஆற்றலுக்கு உவமையாகிறது. தச்சரின் திறமை விரைவில் அன்று, சக்கரத்திற்கு அவர் அளிக்கும் காலத்திலேயே வெளிப்படுகிறது என்னும் எண்ணம் இவ்வுவமைக்கு அடிப்படையாகும்.

வடமொழி மரபிலும் இத்தகைய பதிவு உண்டு. ரிக்வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் (3.53.19) வண்டியின் உறுதிக்காகக் கதிரம், சிம்சபா என்னும் இரு மரங்கள் பெயர் சுட்டிக் கூறப்படுகின்றன. கதிரம் வேல மரத்தோடு இனவுறவு கொண்ட கருங்காலி வகை. சிம்சபா வட இந்தியாவில் சீசம் என வழங்குவது. வண்டிக்கு இன்ன மரம் எனத் தேர்ந்து சொல்லும் வழக்கம் இந்தியப் பரப்பு முழுவதற்கும் பொதுவானது என்பதற்கு இது சான்றாகும்.

உறுப்புக்கேற்ற மரம்

மரச்சக்கரம் ஒரு குடம், பெரும்பாலும் பன்னிரண்டு ஆரக்கால்கள், ஆறு வட்டைகள், அவற்றை இறுக்கும் இரும்புப் பட்டை ஆகியவற்றால் ஆனது. இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையான அழுத்தத்தைத் தாங்குகின்றன.

குடத்தைச் சுற்றி ஆரக்கால்களுக்கான துளைகள் நெருக்கமாக வெட்டப்படுகின்றன. நடுவே அச்சுக்கான துளையும் உண்டு. இவ்வளவு துளைகள் இட்ட பின்னும் பிளவுபடாதிருக்க வேண்டுமாயின், இழைகள் ஒன்றோடொன்று பின்னிய மரமே வேண்டும். நேரிழை மரம் உளிக்கு எளிதாயினும் ஆப்பறைந்தாற்போல் பிளக்கும். கருவேலம், வாகை ஆகியவை குடத்திற்குக் கொள்ளப்பட்டமைக்கு இதுவே காரணம். ஆரக்காலுக்கு இதற்கு நேர்மாறான பண்பு தேவை. நுனி முதல் அடி வரை இழை நேராக ஓட வேண்டும்; சுமையால் மேலிருந்து வரும் அழுத்தத்தையும், வண்டி சாயும்போது பக்கவாட்டில் வரும் அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். வட்டைக்கு வளைவான மரத்துண்டு வேண்டப்படுகிறது. இயற்கையிலேயே வளைந்த கிளையிலிருந்து எடுத்த துண்டில் இழையும் வளைவோடு செல்வதால், நேர்மரத்தை வளைவாக அறுத்ததைவிட அது உறுதியாக நிற்கும்.

அச்சுக்கு வளைந்து மீளும் தன்மையுள்ள மரம் தேவை. இரும்பு அச்சு பரவுமுன், நமை என்றும் வெக்காலி என்றும் வழங்கும் மரம் அச்சுக்கும் கோடரிக் காம்புக்கும் காவடித் தண்டுக்கும் இந்தியாவின் பல பகுதிகளில் பயன்பட்டது. மூன்று பயன்களும் ஒரே பண்பை வேண்டுவன என்பது கருதத்தக்கது. நுகத்தடி மாட்டின் கழுத்தில் கிடப்பதாகையால், உறுதியோடு எடைக்குறைவும் வேண்டும். இதற்கு நுணா எனப்படும் மஞ்சணத்தி விரும்பப்பட்டது. பாரின்மேல் பரப்பும் தளத்திற்கு மூங்கில் போதுமானது. பூவரசும் வேம்பும் ஊர்ப்புறத்தில் எளிதில் கிடைப்பனவாதலால் வண்டி வேலையில் பலவாறு இடம்பெற்றன.

தேக்கின் இடம் இவ்வரிசையில் எது என்பது அடுத்த வினா. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மரங்களின் பண்புகளை ஒப்பிடுகையில் தேக்கின் மதிப்பை 100 எனக் கொண்டு பிற மரங்களை அளவிட்டது. அவ்வளவீட்டில், வடிவம் மாறாது நிற்கும் பண்பில் தேக்கு முன்னிற்கிறது. அதிர்ச்சியைத் தாங்கும் பண்பில் கருவேலம் அதனை விஞ்சுகிறது. எடையிலும் வேறுபாடு உண்டு. உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. கருவேலம் ஏறத்தாழ 800 கிலோ. ஆகவே, வில்வண்டியின் பெட்டி, அலங்காரச் சட்டம் போன்ற இடங்களில் தேக்கு பொருத்தமானது. கல்லும் மேடும் நிறைந்த வண்டிப்பாதையில் ஓயாது மோதுண்ட சக்கரத்திற்குக் கருவேலமே தக்கது. உழவர் தேக்கை விடுத்துக் கருவேலத்தைக் கொண்டது வறுமையால் மட்டும் என எண்ணுவது பிழையாகும். மலிவும் தகுதியும் அங்கு ஒரே மரத்தில் அமைந்தன.

வைரமும் வெளிறும்

எந்த மரம் என்பதோடு, மரத்தின் எப்பகுதி என்பதும் தேர்வில் அடங்கும். தொல்காப்பியம் மரபியலில் உள்ளே வன்மையுடையவற்றை மரம் என்றும், புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் வகுக்கிறது. காழ் எனப்படும் இவ்வன்மையே பிற்காலத்தில் வைரம் என வழங்கலாயிற்று. மூங்கிலும் பனையும் இவ்வகுப்பின்படி புல்லாகும். வண்டித் தொழிலில் இவ்வேறுபாடு நடைமுறைப் பொருளுடையது. புறக்காழுடைய மூங்கில் முழுதாகவோ பிளந்தோ தளமாகப் பரப்பப்பட்டது. துளையிட்டுப் பொருத்த வேண்டிய உறுப்புகள் அனைத்தும் அகக்காழ் மரங்களாலேயே செய்யப்பட்டன. இலக்கணநூல் கூறும் பாகுபாடு தச்சரின் கைப்பழக்கத்தோடு ஒத்துச் செல்வது தமிழாய்வாளர் கருதத்தக்க செய்தியாகும்.

வைரத்தைச் சூழ்ந்த வெளிறில் மாவுப்பொருள் மிகுதி. ஆதலின் துளைப்புழு அதனை எளிதில் தாக்கும். வெட்டிய மரத்தைக் குளத்திலோ கிணற்றிலோ ஊறப்போட்டுப் பின் நிழலில் உலர்த்தும் வழக்கம் இதனைத் தடுப்பதற்காக எழுந்தது. நீரில் ஊறும்போது மாவுப்பொருளும் பிற கரைபொருள்களும் வெளியேறுகின்றன. நன்கு உலராத மரத்தில் வட்டை செய்தால், அது பின்னர் சுருங்கிப் பட்டை தளரும். கோடையில் வண்டிச் சக்கரங்களை நீரில் நிறுத்தி ஊறவைக்கும் உழவரின் வழக்கமும் மரத்தின் சுருக்கத்தை ஈடுசெய்யும் முயற்சியே. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வட்டையின்மேல் ஏற்றி நீரூற்றிக் குளிர்விக்கும்போது, அது சுருங்கி எல்லா உறுப்புகளையும் குடத்தை நோக்கி இறுக்குகிறது. மரம் ஈரமாயிருந்தால் இவ்விறுக்கம் நிலைக்காது.

19ஆம் நூற்றாண்டின் பதிவுகள்

வாய்மொழியாகத் தச்சரிடம் வழங்கிய இவ்வறிவு எழுத்துவடிவம் பெற்றது பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலாகும். படைக்கும் கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் தேவைப்பட்டமையே அதற்குத் தூண்டுகோல். சென்னையில் இயங்கிய பீரங்கி வண்டித் தொழிற்சாலை உள்நாட்டு மரங்களைச் சோதித்தது. எட்வர்டு பால்ஃபர் 1858இல் இந்திய மரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். சென்னை மாகாண வனத்துறையின் முதல் காப்பாளராக 1856இல் அமர்ந்த ஹியூ கிளெகார்ன் தம் நூலை 1861இல் வெளியிட்டார். ஜே. எஸ். கேம்பிளின் இந்திய மரங்கள் பற்றிய கையேடு 1881இலும், திருத்திய பதிப்பு 1902இலும் வந்தன. இந்நூல்களில் மரங்களின் வட்டாரப் பெயர்களும் பயன்களும் தொகுக்கப்பட்டுள்ளன. கருவேலம் சக்கரத்திற்கும் செக்கிற்கும் உழவுக் கருவிகளுக்கும் பரவலாகப் பயன்பட்டதைக் கேம்பிள் பதிவு செய்துள்ளார்.

இப்பதிவுகளைக் கையாளுகையில் இரண்டினை நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று, இவை அரசின் தேவையை முன்னிட்டு எழுந்தவை. சந்தை மதிப்புள்ள மரங்களுக்கே முதலிடம் தருபவை. மற்றொன்று, இவற்றுக்குச் செய்தி தந்தவர் பலர் ஊர்த்தச்சர்களும் காட்டுவாசிகளும் ஆவர்; அவர்தம் பெயர்கள் பதிவாகவில்லை.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் மரத்தேர்வின் சூழலை மாற்றியது. காடுகள் ஒதுக்குக்காடுகளாக வரையறுக்கப்பட்டபின், அங்கிருந்து மரம் எடுப்பது அனுமதிக்கும் கட்டணத்திற்கும் உட்பட்டது. கலப்பைக்கும் வண்டிக்கும் மலையடிக் காட்டு மரத்தை நம்பியிருந்த ஊர்கள், வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் வளர்ந்த மரங்களையே மேலும் சார்ந்திருக்க நேர்ந்தது. இதனால், ஒரு பழைய வண்டியின் அச்சோ பாரோ காட்டு மரத்தாலானதா, ஊர் மரத்தாலானதா என்பது அழகியல் செய்தியாக நின்றுவிடுவதில்லை. அவ்வூர் காட்டோடு கொண்டிருந்த உறவையும் அது உணர்த்தவல்லது. அவ்வுறுப்பைத் தேக்கினால் மாற்றி, பழைய துண்டை விறகாக்கினால், அவ்வுறவின் சுவடு அழிந்துபோகும்.

பெயர் மயக்கம்

மரத்தேர்வில் நேரும் தவறுகளுட் பல பெயரிலிருந்தே தொடங்குகின்றன. கருவேலம் என்பது தொன்மையான உள்நாட்டு மரம். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவிற்கு 1877இல் கொண்டுவரப்பட்டது. பெயரளவில் நெருக்கமுடைய இவ்விரண்டும் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. சீமைக்கருவேலத்தின் மரமும் வன்மையுடையதே. ஆயினும் பெரும்பாலும் புதராகப் பரவி, கோணலும் முடிச்சுமாக வளர்வதால் வண்டி உறுப்புக்கேற்ற நீண்ட துண்டு அதில் கிடைப்பது அரிது. வேலமரம் எனக் கேட்டு வாங்கியது சீமைக்கருவேலமாக அமைந்துவிட்டால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வண்டி எனக் கூறப்படும் ஒன்றில் அக்காலத்து இந்தியாவில் இல்லாத மரம் இடம்பெற்றுவிடும். பின்னாளில் அம்மரத்தைக் கொண்டு அவ்வண்டியின் காலத்தைக் கணிப்போர் தவறான முடிவிற்கு வருவர்.

கருங்காலி என்னும் பெயரும் இத்தகையதே. அது வேல இனத்தைச் சார்ந்த கதிர மரத்தையும், கரிய வைரமுடைய வேறொரு மரத்தையும் குறிக்க வழங்குகிறது. மருது என்ற பொதுப்பெயர் ஆற்றங்கரை நீர்மருதையும் மலைக்காட்டுக் கருமருதையும் உள்ளடக்கும். எனவே, வழக்குப் பெயரை மட்டும் கொண்டு மரத்தை முடிவு செய்தல் ஆகாது. மரத்தின் குறுக்குவெட்டில் தெரியும் நுண்துளைகளின் அமைப்பு இனங்காண உதவும். தேக்கில் பருவ வளையத்தை ஒட்டிப் பெருந்துளைகள் வரிசைப்படுகின்றன. கருவேலத்தில் துளைகள் பரவலாக அமைகின்றன. ஐயத்திற்கிடமான துண்டுகளை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவற்றின் ஆய்விற்கு உட்படுத்துவது தக்கது.

புதுப்பித்தலின் நெறிகள்

நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புப் பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்கு மாற்றாக இடப்படுவது முழுமையோடு இசைய வேண்டும் என்றும், அதே வேளையில் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது (உறுப்பு 12). வரலாற்றுச் சிறப்புடைய மரக்கட்டுமானங்கள் பற்றி, இகோமாஸ் என்னும் பன்னாட்டு அமைப்பு 1999இல் மெக்சிகோவில் ஏற்ற நெறிகள் இதனை மேலும் விளக்குகின்றன. மாற்று மரம் இயன்றவரை அதே இனத்தைச் சேர்ந்ததாகவும், ஒத்த இயற்கைப் பண்புகள் கொண்டதாகவும், ஏற்ற ஈரப்பதம் உடையதாகவும் இருத்தல் வேண்டும். புதிய துண்டுகள் அடக்கமான முறையில் குறியிடப்பட வேண்டும் என்பன அவற்றுட் சில. கட்டடங்களை நோக்கி எழுந்த இந்நெறிகள் வண்டிக்கும் பொருந்துவன.

இவற்றைப் பாரவண்டிக்குப் பொருத்திப் பார்க்கையில் சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. உறுப்புகளைப் பிரிக்குமுன் ஒவ்வொன்றின் அளவும் மரமும் தேய்மானமும் பதிவு செய்யப்பட வேண்டும். முழு உறுப்பை மாற்றுவதினும் சிதைந்த பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுதல் சிறந்தது. உழவரே பழுதுபார்த்து இட்ட துண்டுகளும் வரலாற்றின் பகுதியாதலால் அவற்றை நீக்குதல் கூடாது. ஆறு வட்டைகளில் ஒன்று வேம்பாக இருப்பின், அது ஒரு பருவத்தின் அவசரத் தேவையைக் காட்டும் சான்றாகலாம். புதிய துண்டின் கண்ணில் படாத பக்கத்தில் ஆண்டு பொறிக்கப்பட வேண்டும். நீக்கப்பட்ட துண்டுகள் பெயரிட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும்.

அதே மரம் கிடைப்பதே இன்று அரிதாகியுள்ளது. ஏரிகளின் உள்வாயில் வளர்க்கப்படும் கருவேலம் பெரும்பாலும் விறகிற்காக இளமையிலேயே வெட்டப்படுவதால், குடத்திற்குரிய வைரம் அதில் முற்றியிருப்பதில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் மரமும், பழுதுபார்க்க இயலாத பிற வண்டிகளின் மரமும் இதற்கு ஒரு மாற்றாகக் கொள்ளத்தக்கவை. நன்கு உலர்ந்த அம்மரங்கள் சுருக்கத்திற்கும் வளைவிற்கும் எளிதில் இடந்தருவதில்லை. எனினும், அவற்றின் மூலமும் குறித்து வைக்கப்பட வேண்டும். காட்சிக்கு மட்டும் நிறுத்தப்படும் வண்டிக்கும், சுமையேற்றி ஓட்டப்படும் வண்டிக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் வலுவிழந்த பழைய ஆரக்காலையும் தாங்கு கொடுத்து நிறுத்தலாம். பின்னதில் ஓட்டுவோரின் உயிரும் எருதின் உயிரும் அடங்கியிருப்பதால், தகுதியற்ற உறுப்பை விட்டுவைத்தல் ஆகாது. நோக்கத்தை முதலில் வரையறுத்த பின்னரே மரத்தைத் தேர்தல் வேண்டும்.

முடிவுரை

சிதைந்த வண்டியைப் புதுப்பித்தல், சிதைந்த சுவடியைப் பதிப்பித்தலோடு ஒப்பிடத்தக்கது. பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை; அவ்வெண்கள் நிரப்பப்படாமலே நிற்கின்றன. பதிப்பாசிரியர் அவ்விடத்தில் அழகிய பாடல் ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தால் நூல் நிறைவுற்றதாகத் தோன்றியிருக்கும். ஆனால் அதன்மீதுள்ள நம்பிக்கை குலைந்திருக்கும். வண்டியில் இடப்படும் மரத்துண்டும் ஒரு பாடத்திருத்தமே. அது மூலத்தோடு ஒத்ததாகவும், திருத்தம் என அறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.

சூட்டு, ஆர், உருளி, பார் போன்ற சொற்களின் பொருளை உரையாசிரியர்கள் தம் காலத்து வண்டிகளைக் கண்டறிந்து எழுதினர். பிற்காலத்து அகராதியாசிரியர்க்கும் ஓடும் வண்டிகள் கண்முன் இருந்தன. மரச்சக்கரம் செய்யும் தச்சர் அருகிவரும் நிலையில், இனிவரும் ஆய்வாளர்க்கு எஞ்சியிருப்பவை நூல்களும் காட்சிக்கூடத்து வண்டிகளும் மட்டுமே. குடம் ஏன் ஒரே மரத்தால் ஆனது, அச்சு ஏன் கூடுதலாகச் சுமக்கப்பட்டது, ஒரு சக்கரத்திற்கு ஏன் ஒரு மாதம் வேண்டும் என்பவற்றை விளக்க வல்ல வண்டிகள் சிலவேனும் மெய்யான மரத்தோடு நிற்க வேண்டும். வண்டித் தச்சர்களிடம் இன்றும் வழங்கும் மரப்பெயர்களையும் உறுப்புப் பெயர்களையும் வட்டாரவாரியாகத் தொகுக்கும் பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளுமாயின், அது புதுப்பிப்போர்க்கு வழிகாட்டியாகவும் சொல்லாய்வுக்குச் சான்றாகவும் அமையும். அவர்களுட் பலர் முதுமையடைந்துவிட்ட நிலையில் இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.